புல்தரையில் பாசி: மாரி கழிந்ததும் வந்த கேள்விகள்

உவர்மலையிலிருந்து ஓர் அக்கா: மாமரத்தடியில் மலேசியப் புல் பதித்திருந்தேன். இந்த மாரியோடு பாதிப் புல் போய், பஞ்சு மாதிரிப் பாசி பிடித்துவிட்டது. எந்த மருந்து அடிக்கலாம்?

மருந்தைப் பிறகு பார்ப்போம் அக்கா. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் நலிந்து வெறுமையான இடத்தில்தான் அது படர்கிறது. அதற்கு உண்மையான வேர் கிடையாது, ஈரமும் நிழலும் போதும். ஐப்பசி முதல் தை வரை பெய்கிற மழை ஈரத்தைக் கொடுக்கிறது, நிழலைக் கொடுப்பது உங்கள் மாமரம். தாழ்ந்த கிளைகளைக் கழித்துக் காலை வெயில் விழச் செய்யுங்கள். மாசியில் பாசி காயத் தொடங்கியதும் இரும்பு வாரியால் வாரி எடுங்கள். வாரியதை அங்கேயே விடாதீர்கள், சிறு துண்டிலிருந்தும் திரும்ப முளைக்கும். வெறுமையான இடத்தில் புல் தண்டுகளை நட்டு, அவை பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள். அப்புறம் ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமாவது விட்டு வெட்டுங்கள். நான் ஒருமுறை நிழலை அப்படியே விட்டுப் பாசியை மட்டும் சுரண்டினேன். அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதே அளவு பாசி!

தம்பலகாமம்: வயல் மண் வளவு. மோட்டார் சைக்கிள் நிறுத்தும் பக்கம் தண்ணீர் தேங்கிப் பாசி வருகிறது.

மண் இறுகிவிட்டது தம்பி. சற்று ஈரமிருக்கும்போது அரை அடிக்கு ஒன்றாக அலவாங்கால் நான்கு அங்குல ஆழம் குத்தி, துளைகளில் மணலும் கூட்டெருவும் போடுங்கள். சைக்கிளுக்கு வேறு இடம் பாருங்கள்.

உப்புவெளி: எங்களுடையது கறுப்பாக, சவ்வு மாதிரி வழுக்குகிறது.

நாம் இரண்டையும் பாசி என்றே சொல்கிறோம், ஆனால் இது வேறு. பஞ்சுப் பாசியில் மிகச் சிறிய இலைகள் இருக்கும். உங்களுடையது காய்ந்தால் பொருக்காக உரியும், அப்போது சுரண்டி எடுங்கள். மணல் தரையில் இது வந்தால் எங்கிருந்தோ தண்ணீர் ஓயாமல் விழுகிறது. கூரைத் தண்ணீரையும் கிணற்றடித் தண்ணீரையும் பாருங்கள்.

நிலாவெளி: உப்புப் போட்டால் போகுமென்று மாமா சொல்கிறார்.

வேண்டாம். புல்லும் சாகும், உப்பு கிணற்றுக்கும் இறங்கும். கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு அருமை என்று உங்களுக்கே தெரியும்.

லிங்கநகர்: பெரஸ் சல்பேட் நல்லதா? சுண்ணாம்பு?

பெரஸ் சல்பேட் என்ற இரும்புச்சத்துத் தூள் பஞ்சுப் பாசியைச் சில நாளில் கறுக்கவைக்கும். சதுர மீற்றருக்கு 5 கிராம் போதும், தண்ணீரில் கரைத்து மாலையில் தெளியுங்கள். கூடினால் புல்லும் கருகும். சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை போகாது. கறுத்ததை வாரிவிடவும் வேண்டும். சுண்ணாம்பை மண் பரிசோதிக்காமல் போடாதீர்கள், விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

மூதூர்: வேம்பை வெட்ட மனமில்லை ஐயா.

வெட்டாதீர்கள். அந்த நிழலில் புல்லை விட்டுவிடுங்கள். நடக்கும் வழிக்கு மட்டும் கல் பதியுங்கள், மற்ற இடத்தில் பாசி இருக்கட்டும். வைகாசி வெயிலில் அது தானாகக் காய்ந்து பழுப்பாகிவிடும், மழையோடு திரும்பப் பச்சையாகும்.