கரண்ட் வைக்கும்போது பீடி குடிக்கலாமா? புற்றுநோயாளிகளும் புகையிலையும்: கேள்வி பதில்

கோவையில் புற்றுநோய்ப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நீலகிரியிலிருந்து சிகிச்சைக்குக் கீழே போய்வரும் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 'கரண்ட்' என்று நம் மக்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. நான் டாக்டர் இல்லை. மருந்தின் பெயர், அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான்.

மஞ்சூரிலிருந்து ஒரு மகன்: சிஸ்டர், அப்பாவுக்குத் தொண்டையில் கேன்சர். அடுத்த வாரம் கரண்ட் ஆரம்பம். "வர வேண்டியது வந்தாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது"ன்னு பீடியை விடமாட்டேங்கறார். விட்டா உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

உண்டு தம்பி. அதுவும் கரண்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால் விட்டால் நல்ல பிரயோஜனம் உண்டு. கதிர்வீச்சு கட்டியை நன்றாக அழிக்க அந்த இடத்தில் ஆக்சிஜன் வேண்டும். பீடிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டிக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்தால், அதே கரண்ட் அதே அளவில் வைத்தாலும் வேலை செய்வது குறைவு.

1993இல் கனடாவில் இதைக் கணக்கெடுத்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் எடுத்தவர்களில், சிகிச்சை நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுசாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் அது 74 சதவீதம். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், புகைத்தவர்களில் 39 சதவீதம், புகைக்காதவர்களில் 66 சதவீதம். அந்த "புகைக்காதவர்கள்" கணக்கில், முன்பு புகைத்துவிட்டு சிகிச்சைக்கு முன் நிறுத்தியவர்களும் சேர்த்தி. அப்பாவிடம் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லுங்கள். வாழ்நாள் முழுக்கத் தொடாதவர்களோடு தன்னை ஒப்பிடுகிறார்கள் என்று நினைத்துத்தான் பலர் மனசு விட்டுப்போகிறார்கள்.

ரத்தத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு ஒரு நாளிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். அதனால் கரண்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. வாய்ப்புண், வறட்சி, தாடை எலும்பு ஆறாமல் போவது எல்லாமே புகைத்தால் கூடும். நுரையீரலிலோ வாயிலோ புதிதாக இன்னொரு புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும்.

கூடலூரிலிருந்து ஒரு மருமகள்: அத்தை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவங்க. கன்னத்தில் புண் வந்து சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர்னு சொல்லிட்டாங்க. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது, வெத்தலையோட புகையிலை மட்டும்தான். புகையிலையை எடுத்துட்டு வெறும் பாக்கு சுண்ணாம்பு போடலாமான்னு கேக்கறாங்க.

வேண்டாம் அம்மா, பாக்கும் நிற்கட்டும். புகையிலை சேர்க்காத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்சதை இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போகலாம். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கக் குழாய் போட வேண்டும், பிறகு பல்லைப் பார்க்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் வாய் திறந்தாக வேண்டும்.

அத்தைக்கு இது வெறும் ருசி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும், காலையிலிருந்து நின்ற நிலை, சாப்பாடு தள்ளிப்போகும். வாயில் ஒரு சிட்டிகை இருந்தால் பசி தெரியாது. தோட்டத்தில் இருக்கும் அத்தனை பெண்களும் மடியில் வெத்தலைப்பை வைத்திருக்கும்போது ஒருத்தி மட்டும் விடுவது லேசும் இல்லை. சிகிச்சை நேரத்தில் வேலைக்குப் போகமாட்டார்கள் அல்லவா, விடுவதற்கு அதுதான் நல்ல சமயம். வீட்டில் வெத்தலைப்பெட்டியே கண்ணில் படக்கூடாது. கிராம்பு, மிளகு என்று யாராவது மாற்றுச் சொன்னால் கேட்காதீர்கள், கரண்ட் வைத்த வாயில் நெருப்பு மாதிரி எரியும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், டாக்டர் சொல்லும் உப்பு சோடா மாவுக் கொப்பளிப்பு போதும்.

ஒரு இடைச்செருகல். அட்டை கடிக்காமல் இருக்க காலில் புகையிலை தேய்த்துக்கொள்கிற பழக்கம் நம் தோட்டங்களில் உண்டு. அதற்கென்று வீட்டில் வைத்திருக்கும் புகையிலை கடைசியில் வாய்க்குத்தான் போகும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் போதும்.

ஊட்டியிலிருந்து: இந்தக் குளிரில் பீடி உடம்புக்குச் சூடு தருமே?

தராது. நிகோடின் தோலின் ரத்தக்குழாயைச் சுருக்கும். விரல் நுனி இன்னும் குளிர்ந்துதான் போகும். வெந்நீர் குடியுங்கள், கம்பளி போடுங்கள்.

குன்னூரிலிருந்து ஒருவர்: எனக்கு நுரையீரலில். டாக்டர் கேட்டப்போ சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நிஜத்தில் தினம் நாலைந்து பிடிக்கிறேன். இப்போ போய் மாத்திச் சொன்னா மரியாதை என்ன ஆகும்?

அண்ணா, மரியாதைக்கு ஒன்றும் ஆகாது. மருந்துக்குத்தான் ஆகும். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி, சில மருந்துகளைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். நுரையீரல் புற்றுக்குத் தரும் எர்லோடினிப் மாத்திரை அப்படி ஒன்று. புகைப்பவர் உடம்பில் அது போதுமான அளவு நிற்காது. குடல் புற்றுக்குத் தரும் இரினோடீகன் ஊசிக்கும் இதே கதை. டாக்டர் மருந்து சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து வேறு மருந்துக்கு மாறக்கூடும், நிஜக் காரணம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும். மறுபக்கமும் உண்டு. புகைப்பதை மனதில் வைத்து அளவைக் கூட்டியிருந்தால், சிகரெட்டை விட்டதும் அதைக் குறைக்க வேண்டும். அதனால் விடும்போதும் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும் டாக்டருக்கும் தெரிய வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டுவதும் தையல் பிரிவதும் புகைப்பவர்களுக்கு அதிகம்.

திட்டுவார் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். திட்டுகிற டாக்டரும் இருக்கிறார், இல்லை என்று சொல்லமாட்டேன். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் நர்சிடம் சொல்லுங்கள், சீட்டில் குறித்து வைப்பார்.

கோத்தகிரியிலிருந்து: நிகோடின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் கேன்சர்காரங்க பயன்படுத்தலாமா? நிகோடின்தானே கேன்சர் தருது?

அடிமைப்படுத்துவது நிகோடின். புற்றுநோய் தருவதாக நிரூபணமானவை புகையிலையிலும் புகையிலும் இருக்கும் மற்ற நச்சுகள். டாக்டர் மேற்பார்வையில் கம்மோ பேட்சோ எடுப்பது, புகைத்துக்கொண்டே இருப்பதைவிட எவ்வளவோ மேல். வாய்ப்புண் இருந்தால் கம் வேண்டாம், தோலில் ஒட்டும் பேட்ச் கேளுங்கள். கம் போடுகிறவர்கள் பபிள்கம் போல மென்று தள்ளக்கூடாது. சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காப்பி கூடாது. நம் ஊரில் இதுதான் பெரிய கஷ்டம்! புகைப்பதை நிறுத்தத் தரும் பியூப்ரோப்பியான் என்ற மாத்திரை வலிப்பைக் கிளப்பக்கூடியது, மூளையில் கட்டி உள்ளவர்களுக்கு ஆகாது. மார்புப் புற்றுக்கு டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இ-சிகரெட்?

2019 முதல் இந்தியாவில் விற்பதே குற்றம். விட்டுவிடுங்கள்.

அருவங்காட்டிலிருந்து: கீமோ முடியறவரைக்கும் தொடலை. போன வாரம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணு வாங்கிப் பிடிச்சிட்டேன். எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை தம்பி. ஒன்றோடு நிறுத்தினால் அது ஒன்றுதான். ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போகிற நாளில்தான் பலருக்கு இது நடக்கும். அடுத்த தடவை பஸ் மாறும்போது யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். உந்துதல் வந்தால் சில நிமிடத்தில் இறங்கிவிடும், அதுவரை போனில் பேச ஆள் வேண்டும் என்றால் 1800-11-2356. மத்திய அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

பந்தலூரிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு இனி சிகிச்சை இல்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆக்சிஜன் வெச்சிருக்கோம். ஒரு பீடி, ஒரு பீடின்னு கெஞ்சறார். குடுக்கலாமா அக்கா?

அம்மா, இந்த நிலையில் அவரை விடச் சொல்லி அழவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஆக்சிஜன் ஓடும்போது கூடவே கூடாது. ஆக்சிஜன் துணியிலும் போர்வையிலும் தேங்கி நிற்கும், ஒரு பொறி விழுந்தால் முகம் வெந்துவிடும். முதலில் உங்களைப் பார்க்கும் வலி நிவாரண மருத்துவக் குழுவிடம் பேட்ச் கேளுங்கள், பாதிக் கெஞ்சல் அதிலேயே அடங்கும். அதையும் மீறிக் கேட்டால், எப்போது எப்படி என்பதை அவர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாக ஆக்சிஜனைக் கழற்றாதீர்கள். குளிருக்கு அந்த அறையில் கரி அடுப்பு மூட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். சாமி விளக்கும் ஊதுபத்தியும் அடுத்த அறையில் இருக்கட்டும்.