பழைய இரும்பா ஃபுகாகு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஃபுகாகுதான் உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர் என்று 2020இல் வியந்து எழுதியிருந்தீர்கள். 2025 ஜூன் பட்டியலில் அது ஏழாமிடம். முதலிடம் அமெரிக்காவின் எல் கேப்பிட்டனுக்கு. ஐந்தே வருடத்தில் பழைய இரும்பாகும் பொருளுக்கா இத்தனை செலவு?

கே.

அன்புள்ள கே.,

வியந்தது உண்மை. இப்போதும் வியக்கிறேன், காரணம்தான் வேறு.

நீங்கள் பார்த்த பட்டியல் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதற்குத் தேர்வு ஒன்றே ஒன்று: லின்பேக். மாபெரும் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்க வேண்டும். எல் கேப்பிட்டன் 1,742 பெட்டாஃபிளாப் எடுத்தது, ஃபுகாகு 442. ஒரு பெட்டாஃபிளாப் என்பது நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள்.

லின்பேக்கில், நினைவகத்திலிருந்து ஒருமுறை எடுத்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். செயலிகளுக்குக் கொண்டாட்டம். வானிலை, காற்றோட்டம் போன்ற கணக்குகளில் அந்தச் சௌகரியம் கிடையாது. எடுத்த எண் ஓரிரு முறைதான் உதவும். உடனே அடுத்தது வந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் நூறு பேர் அரிவாள்மணையோடு காத்திருக்க, காய் மூட்டை சுமந்து வர ஒரே ஆள் என்றால் என்ன ஆகும்?

இந்தச் சுமையை அளக்க ஹெச்பிசிஜி என்று இன்னொரு தேர்வு வந்தது. கொண்டுவந்தவர்களில் ஒருவர், லின்பேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டொங்காராவே. (தான் தயாரித்த கேள்வித்தாள் போதாது என்று சொல்லும் வாத்தியாரை நான் படித்த காலத்தில் பார்த்ததில்லை.) அதில் ஃபுகாகு 2020 நவம்பரில் எடுத்தது 16 பெட்டாஃபிளாப். 1,58,976 செயலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலேயே அதிவேக நினைவகம். சுமக்க ஆள் பஞ்சமில்லை. 2022இல் அமெரிக்காவின் ஃபிரான்டியர் கம்ப்யூட்டர் லின்பேக்கில் முந்திய பிறகும் இந்த முதலிடம் ஃபுகாகு இருக்கும் கோபே நகரத்தை விட்டு நகரவில்லை. 2025 ஜூனில்தான் எல் கேப்பிட்டன் அதைப் பறித்தது. எடுத்தது 17.4. அதன் லின்பேக் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு!

செலவுக்கு வருகிறேன். 2020இல் ஃபுகாகு முழுமையாகத் திறக்கப்படும் முன்பே, வகுப்பறையிலும் ரயில் பெட்டியிலும் இருமல் துளிகள் எப்படிப் பரவும் என்று அதில் கணக்கிட்டார்கள். எல் கேப்பிட்டனின் முதல் வேலை, 1992க்குப் பிறகு வெடித்துச் சோதிக்காத அமெரிக்க அணுகுண்டுகளைக் கணக்கு வழியே பரிசோதிப்பது. அதன் செலவைக் கேட்டிருந்தால் உங்கள் கட்சியில் சேர்ந்திருப்பேன்.