மின்சிக்கனம்: மிச்சமானது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

மின்விசிறி, ஏ.சி., விளக்கு, மொட்டைமாடிப் பூச்சு என்று வீட்டில் மாற்றங்கள் செய்த வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, மார்ச் மாதம் நான்கு பழைய மின்விசிறிகளை எடுத்துவிட்டு, குறைவாக மின்சாரம் இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறிகள் மாட்டினோம். அடுத்து வந்த பில் ஜனவரி பில்லைவிட அதிகம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், அம்மா. மார்கழிக் குளிரில் வந்த பில்லையும் அக்னி நட்சத்திரத்து பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விசிறியும் தோற்றுத்தான் போகும். பழைய விசிறிகளே இருந்திருந்தால் இந்தக் கோடையில் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். நடக்காத ஒன்றை எந்த மீட்டரும் காட்டாது. அதனால் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி, போன ஆண்டு இதே இரண்டு மாத பில்லை எடுங்கள். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். இந்த ஆண்டு வெயில் கூடுதலாக இருந்ததென்றால் அதையும் சரிக்கட்டலாம். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் தினசரி சராசரி வெப்பநிலையில் 24 டிகிரிக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு நாளுக்கும் கூட்டிக்கொண்டே வாருங்கள். சராசரி 31 என்றால் அந்த நாளுக்கு 7. இரண்டு ஆண்டுகளின் கூட்டுத்தொகையும் கையில் இருந்தால் வெயிலின் பங்கு எது, விசிறியின் பங்கு எது என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

விசிறி உண்மையிலேயே குறைவாக இழுக்கிறதா என்று தெரிய அவ்வளவு தூரம் போக வேண்டாம். மின்வாரிய மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். அதனருகே ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு அல்லது 1600 துடிப்பு என்ற பொருளில் ஓர் எண் அச்சாகியிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விசிறியை முழு வேகத்தில் விட்டு, ஒரு மினுக்கலுக்கும் அடுத்த மினுக்கலுக்கும் இடையே எத்தனை வினாடி என்று கைப்பேசியில் அளந்துகொள்ளுங்கள். 3200 மீட்டரில் 1125-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வாட் கிடைத்துவிடும். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். பழைய விசிறிக்கு 15 வினாடி வந்தால் 75 வாட். புதியதற்கு 40 வினாடி வந்தால் 28 வாட். இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் இணைப்பில் இல்லாத விசிறியில் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி ஏறும் மின்சாரமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

வித்தியாசம் 45 வாட் என்று வைத்து, தினம் 12 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். ஆனால் இது முழு வேகக் கணக்கு. ரெகுலேட்டரை இரண்டில் வைத்தே தூங்கும் வீடென்றால் பழைய விசிறியும் குறைவாகத்தான் இழுத்திருக்கும், மிச்சமும் சுருங்கும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி (நாகர்கோவில்): புதிய ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் அளந்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டவில்லையே?

பதில்: கம்ப்ரசர் ஓய்வெடுத்த நேரமாக இருக்கும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள் அளந்து பாருங்கள்.

கேள்வி (மதுரை): மேல்தளத்துக்கு வெள்ளை நிறக் குளிர்பூச்சு அடித்தோம். எங்களிடம் ஏ.சி. கிடையாது. பில்லில் ஒன்றும் தெரியவில்லை. காசு வீணா?

பதில்: ஏ.சி. இல்லாத வீட்டில் பில் எப்படிக் குறையும்? அந்தப் பூச்சின் பலன் உங்கள் உடம்புக்கு. அதற்கு வேறு அளவுகோல் வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, கூரையின் அடிப்பகுதியைக் குறிபார்த்து அளந்து பாருங்கள். நடுப்பகலில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான் தெரியும். கான்கிரீட் வெயிலை மெதுவாக உள்வாங்கி மெதுவாக விடுகிறது. இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும்போது தலைக்கு மேல் அனல் இறங்குகிறதே, அதுதான் பகலில் ஏறிய சூடு. மாலை நான்கு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எழுதி வைத்தால் படம் முழுமையாகும்.

இன்னும் பூச்சு அடிக்காதவர்களுக்கு ஒரு யோசனை. ஓர் அறையின் மேல் மட்டும் முதலில் அடியுங்கள், பக்கத்து அறையை ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அதே வெயில், அதே வீடு. இரண்டு கூரைகளையும் ஒரே நேரத்தில் அளந்தால் போன ஆண்டு வெயிலைப் பற்றிய விவாதமே தேவையில்லை. ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக் குழு என்று சொல்லிச் செய்வதும் இதைத்தான்.

வெள்ளை எவ்வளவு வெளுப்பாக இருக்கிறதோ அவ்வளவு பலன். தூசி படிந்தால் வெயிலைத் திருப்பும் திறன் இறங்கிவிடும். கோடைக்கு முன் ஒருமுறை கழுவிவிடுங்கள். பூச்சு வெயிலைத் தடுக்கும், சூடு கடத்தப்படுவதைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். வீடுகளுக்கென 2018-இல் வந்த மத்திய அரசின் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிமுறை, கூரையின் வெப்பக் கடத்தல், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பை வெகுவாகத் தாண்டிவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டை ஓடு பதித்த நம் பழைய தளங்கள் அதைவிட நல்ல நிலையில் இருக்கின்றன.

கேள்வி (கோவை): பழைய ஏ.சி.யை மாற்றி ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்கினோம். யூனிட் குறையவே இல்லை. எங்கே தவறு?

பதில்: எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தால் நேராகச் சொல்லியிருப்பேன். என் ஊகம், முன்பு இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை ஓடியது இப்போது விடியும் வரை ஓடுகிறது. ‘இதுதான் குறைவாக இழுக்குமே’ என்ற நினைப்பே ரிமோட்டை எடுக்க வைக்கும். மெக்ஸிகோவில் 2009-இல் பழைய ஃபிரிட்ஜ்களையும் ஏ.சி.களையும் கொடுத்துப் புதியது வாங்க அரசு மானியம் தந்தது. பின்னர் பொருளாதார ஆய்வாளர்கள் வீட்டு பில்களை வைத்துப் பார்த்தபோது, ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் எதிர்பார்த்ததில் கால்வாசி அளவே மிச்சம். ஏ.சி. மாற்றிய வீடுகளில் மின்செலவு கூடியிருந்தது!

அதற்காக ஏ.சி. பழுது என்று சொல்லிவிட முடியாது. குழந்தைகள் விடியும் வரை நன்றாகத் தூங்குகிறார்கள் என்றால் அதுவும் வருமானம்தான், பில்லில் வராத வருமானம். சிக்கனமும் வேண்டுமென்றால் ஒரு வாரம் ஓடிய மணி நேரத்தைக் குறித்து, ஒரு மணிக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். இயந்திரத்தின் தரம் அந்த எண்ணில் தெரியும். மொத்த யூனிட்டில் தெரிவது உங்கள் பழக்கம். 24 டிகிரியில் வைத்துவிட்டு மெதுவாக ஒரு விசிறியையும் ஓட்டுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

கேள்வி (திருச்சி): எல்.இ.டி. விளக்குக்கு மாறினேன். 2023 தொடக்கத்தில் 510 யூனிட்டாக இருந்தது அடுத்த பில்லில் 500 ஆனது. பணம் 2030-லிருந்து 1725-ஆக இறங்கியது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாயா?

பதில்: விளக்குக்கு இதில் கிடைக்க வேண்டிய பாராட்டு 80 ரூபாய்தான். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500-க்கு மேல் ஒரு யூனிட் 8 ரூபாய். மீதி 225 ரூபாய் அடுக்கு முறையின் வேலை. 500-க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, தாண்டியவர்களுக்கு அதே நூறில் யூனிட்டுக்கு 4.50. ஒரே யூனிட்டில் அந்த மேட்டைக் கடந்துவிடுகிறோம். கட்டணம் அதன்பின் ஏறியிருந்தாலும் 500 என்ற வேலி அங்கேயே இருக்கிறது. ரூபாயை வைத்துப் பலனை அளந்தால் இப்படித்தான் சில நேரம் ஊதிப்போகும், சில நேரம் வற்றிப்போகும்.

கேள்வி (சேலம்): இரண்டு மாதத்துக்கு 130 யூனிட்தான் ஆகிறது. விசிறியை மாற்றலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம். நீங்கள் 30 யூனிட்டையும் மிச்சப்படுத்தினால்கூட எழுபது ரூபாய் அளவுக்குத்தான் கையில் நிற்கும். மூவாயிரம் ரூபாய் விசிறியின் விலையைத் திரும்ப எடுக்க ஏழு ஆண்டு ஆகிவிடும். பழையது எரிந்துபோகும் நாளில் பி.எல்.டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர்): சோலார் தகடும் போட்டேன், விசிறியும் மாற்றினேன். பில் பாதியாகிவிட்டது. விசிறியின் பங்கு எவ்வளவு?

பதில்: பில்லை மட்டும் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. மின்வாரியத்திலிருந்து வாங்கியதோடு தகடு உற்பத்தி செய்ததைக் கூட்டி, வெளியே அனுப்பியதைக் கழியுங்கள். வருவதுதான் வீட்டின் உண்மையான செலவு. வாங்கியதும் அனுப்பியதும் இருவழி மீட்டரில் இருக்கும், உற்பத்தி சோலார் இன்வெர்ட்டரின் திரையில் இருக்கும். மூன்றையும் ஒரே நாளில் குறித்து எழுதி வையுங்கள். அந்த எண்ணைப் போன ஆண்டு இதே மாதங்களின் யூனிட்டோடு ஒப்பிட்டு அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கலாம்.