எஃப்-இல் கோரா, டி-யில் சிதார்: யமன் ஏன் ஒட்டவில்லை?

நண்பரின் கோரா (மேற்கு ஆப்பிரிக்க யாழ் போன்ற தந்திக் கருவி) எஃப் சுரத்திலும் உங்கள் சிதார் டி சுரத்திலும் இருக்க, யமன் ராகம் சேர்ந்து ஒட்டவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சிதாரை எஃப் வரை ஏற்றாதீர்கள், தந்தி அறுந்துபோகலாம். யமனை விட்டுவிட்டு, உங்கள் டி-யையே ஸட்ஜமாக வைத்துக் காஃபி ராகம் வாசியுங்கள். கோராவில் ஒரு தந்தியைக்கூட மாற்ற வேண்டாம்.

காரணம் இதுவாகத்தான் இருக்கும்: நண்பர் எஃப்-இல் சௌதா சுருதி (கோராவின் சுருதி முறைகளில் ஒன்று) வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எஃப்-இலிருந்து பார்த்தால் யமனின் ஸ்வரங்கள்தான் (நம் கல்யாணி). ஆனால் நீங்கள் யமனை டி-யிலிருந்து தொடங்குகிறீர்கள். அவருடைய அதே ஏழு ஸ்வரங்களை டி-யிலிருந்து எண்ணிப் பாருங்கள், கோமள (தாழ்ந்த) காந்தாரமும் கோமள நிஷாதமும் வந்து காஃபி ஆகிவிடும். நமக்கு கரஹரப்பிரியா.

சோதிக்க, தம்பூராவை டி-யில் ஓடவிட்டு, அவரை ஒவ்வொரு தந்தியாக மெதுவாக மீட்டச் சொல்லுங்கள். சிதாரின் தரப் தந்திகளையும் (மீட்டாமலே கூட அதிரும் துணைத் தந்திகள்) காஃபிக்கு மாற்றியிருக்கிறீர்களா? மறந்தால் யமனின் பழைய சுத்த காந்தாரம் (நம் அந்தர காந்தாரம்) உள்ளே முனகிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், கோராவின் 21 தந்திகளில் மிகத் தாழ்ந்தது எஃப். கும்பெங்கோவில், அதாவது கோராவில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை இசைத்தொடரில், அது ஓங்கி விழுந்தால் காது எஃப்-ஐத்தான் ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும். டி-யிலும் ஏ-யிலும் ஊன்றி வாசிக்கக் கேளுங்கள். அவர் காதால் சுருதி சேர்ப்பவர் என்றால் சில ஸ்வரங்கள் இம்மி விலகி நிற்கும். அங்கே சுருதி காட்டும் கருவி சொல்வதை நம்பாமல் நீங்கள் மீண்டில் (தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பது) அவரிடம் போய்ச் சேருங்கள், கோராவால் அப்படி வளைய முடியாது.