நேர்மறை எண்ணங்களை வளர்த்துக்கொள்ள தினமும் என்ன செய்யலாம்?

எதைப் பார்த்தாலும் கெட்டதே முதலில் தோன்றுகிறது, தினசரிப் பழக்கங்களால் இதை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு முடியும். ஆனால் எல்லோரும் முதலில் சொல்லும் பழக்கம் எனக்கு உதவவே இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேலை போய், நேர்காணலுக்கு மேல் நேர்காணலாகத் தோற்றுக்கொண்டிருந்த சமயம். "நான் வெல்லப் பிறந்தவன்" என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். தினமும் காலையில் பத்து முறை சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து ஒரு குரல், "அப்படியா? நேற்று வந்த மின்னஞ்சலை இன்னொரு தடவை படி" என்றது. மூன்றாவது வாரம் தாளைக் கிழித்துப் போட்டேன். இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்ற வருத்தம் வேறு கூடுதலாகச் சேர்ந்துகொண்டது.

கோளாறு என்னிடம் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் இப்படி ஒரு நல்ல வாக்கியத்தைத் தங்களுக்கே திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்களின் மனநிலை மோசமாக இருந்ததாம். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். பசித்தவனை விட்டுவிட்டுச் சாப்பிட்டவனுக்குப் பந்தி வைப்பது போல!

எனக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண நோட்டு. இரவில் படுக்கும் முன், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுதுவது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பலரும் விட்டுவிடும் பாதி ஒன்று இருக்கிறது: அது ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனையில் காரணத்தையும் சேர்த்தே எழுதச் சொன்னார்கள். ஒரு வாரம் எழுதியதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. "பேனா எழுதுகிறது" என்று எழுதினேன், கிண்டலாகத்தான். சில நாள் கழித்து, "பழைய சக ஊழியர் ஒருவர் பேசினார்" என்று எழுதிவிட்டு, ஏன் என்று யோசித்தால், முந்தின வாரம் நானே அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். அதாவது, நல்லது ஏதோ தற்செயலாக வந்துவிடவில்லை, அதில் என் கையும் இருந்தது. கண்ணாடி வாக்கியத்துக்கு எதிர்ப்பேச்சு பேசிய குரலால் இதை மறுக்க முடியவில்லை. நடந்த விஷயம் அல்லவா!

இரண்டு மாதத்தில் அதுவும் சலித்தது. "நல்ல காற்று" என்று நான்கு நாள் தொடர்ந்து எழுதியிருந்தேன், அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது. அதனால் வாரத்துக்கு ஒருநாள் என்று குறைத்தேன். நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை எழுதும் பயிற்சி பற்றி உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி நடத்திய ஆறு வாரச் சோதனையிலும் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அளவு ஆளுக்கு ஆள் மாறும், சலிக்கும்போது குறைத்துப் பாருங்கள்.

மற்றவை எல்லாம் சின்ன விஷயங்கள். எழுந்த அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடுவதில்லை. கவலை வந்தால் அதை ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் "நாளை காலை இதற்காக என்ன செய்யலாம்" என்று ஒன்றை மட்டும் எழுதிக்கொள்வேன். செய்ய ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுதிவிட்டு ஒரு நடை போய் வருவேன்.

அப்புறம், 21 நாளில் பழக்கம் பதிந்துவிடும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. இடையில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் வேலையோடு புதியதைக் கட்டிவிட்டால் எளிது. என் நோட்டு பல் துலக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, பசியும் போயிருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நெருங்கியவர் இறந்த துக்கத்தில் இருப்பவரிடம் போய் நேர்மறையாக இருங்கள் என்று சொல்வதும் எனக்குப் பிடிக்காது. அழ வேண்டிய நேரத்தில் அழட்டுமே.

இப்போது எனக்கு நான்காவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் எழுதவில்லை, தூங்கிவிட்டேன்.