ரெண்டு ஓட்டை ஆபரேஷனா, வயித்தக் கிழிக்கிற ஆபரேஷனா?

பெண் நாய்க்குப் பண்ற கருத்தடை ஆபரேஷனப் பத்தி கோத்தகிரியிலருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க நாய் பேரு செம்பி, நாட்டு நாய், ஒன்னேகால் வயசு, முதல் ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. உள்ளூர் டாக்டர் வயித்தத் திறந்து பண்ற சாதா ஆபரேஷன் பண்ணித் தரேன்றார், கோயம்புத்தூர்ல ஒரு இடத்துல கீ ஹோல்னு சொல்லி அதுக்கு மூணு மடங்கு காசு கேக்குறாங்க, எது நல்லதுன்னு.

அக்கா, முதல்ல ஒன்னு விசாரிங்க, அவங்க சொல்ற கீ ஹோல் எதுன்னு. விலாப்பக்கம் ரெண்டு மூணு சென்டிமீட்டர் வெட்டி கொக்கி விட்டு இழுத்துப் பண்றதையும் நம்ம ஊர்ல கீ ஹோல்னு சொல்லிடுறாங்க, தெருநாய்களுக்கு நிறைய அப்படித்தான் நடக்குது, தப்பில்ல, ஆனா அது லேப்ரோஸ்கோபி இல்ல. லேப்ரோஸ்கோபின்னா கேமரா உள்ள போகணும். அரை சென்டிமீட்டர்லருந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் ரெண்டு மூணு ஓட்டை, வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஊதி இடம் உண்டாக்கி, நாய ஒரு பக்கம் சாய்ச்சு ஓவரிய (சினைப்பைய) டிவியில பாத்துக்கிட்டே சூடு வெச்சு அறுத்து எடுக்குறது.

காசு தையல் சின்னதா இருக்குறதுக்கு இல்ல. ஓவரி கிட்னி பக்கத்துல ஒரு நார்ல கட்டியிருக்கும், இறுக்கிக் கட்டின துணிக்கொடி மாதிரி. சாதா ஆபரேஷன்ல ஓவரிய வெளிய கொண்டாரதுக்கு நாங்க விரல விட்டு அந்த நார இழுத்துப் பிய்க்கணும், பிய்யிற அந்த நொடி மயக்கத்துல இருக்குற நாய்க்கே மானிட்டர்ல இதயத்துடிப்பு ஏறும், நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். லேப்ரோஸ்கோபில இழுக்குற வேலையே இல்ல, இருக்குற இடத்துலயே அறுத்துடலாம், அதனாலதான் வலி கம்மி, மறுநாளே வாலாட்டிக்கிட்டு நிக்குது.

அதுல பெரும்பாலும் ஓவரிய மட்டும் எடுப்பாங்க, கர்ப்பப்பை உள்ளயே இருக்கும். பயப்படாதீங்க, ரெண்டு ஓவரியும் மிச்சமில்லாம போயிட்டா ஹார்மோன் கிடையாது, கர்ப்பப்பையில சீழ் வைக்கிற பேச்சும் கிடையாது.

ஆனா காத்து ஊதுறதால மூச்சு விட சிரமப்படும், கேஸ் மயக்கமும் மூச்சு மெஷினும் மானிட்டரும் இருக்கான்னு கேளுங்க, நடுவுல ரத்தம் கசிஞ்சா வயித்தத் திறக்க ரெடியான்னும் கேளுங்க. இதுக்கு முகம் சுளிக்கிற இடத்துல பண்ணாதீங்க.

என்னக் கேட்டா, செம்பி சின்ன உடம்பு, இளவயசு, உள்ளூர் டாக்டர் கைராசிக்காரர், வலி மருந்து ஒழுங்கா குடுக்குறவர்னா சாதா ஆபரேஷனே போதும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நெஞ்சு ஆழமான நாயா இருந்தா ஓவரி ரொம்ப உள்ள இருக்கும், அப்போ காசு இருந்தா கோயம்புத்தூர் போங்கன்னு சொல்லியிருப்பேன்.

எங்க பண்ணினாலும் இப்ப வேணாம், ஹீட் முடிஞ்ச கையோட ரத்த ஓட்டம் ஜாஸ்தி. ரெண்டு மூணு மாசம் கழிச்சுப் பண்ணுங்க, காசு சேரட்டும்னு அடுத்த ஹீட்ட மட்டும் தாண்ட விட்டுடாதீங்க. 1969ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, ஆபரேஷன் பண்ணாத நாயோட ஒப்பிட்டா மார்புக்கட்டி வர்ற வாய்ப்பு ஒரு ஹீட்டுக்கு அப்புறம் பண்ணினா 8%, ரெண்டு தாண்டினா 26%னு கணக்கு. பழைய கணக்கு, அதுமேல கேள்வியும் இருக்கு, ஆனாலும் சீக்கிரம் பண்றது நல்லதுதான்.

நம்ம மலைக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு. மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், எல்லாம் வளைவு, அரை மயக்கத்துல இருக்குற நாய் வாந்தி எடுத்தா அது நுரையீரலுக்குள்ள போயிடும், அதனால கோயம்புத்தூர்னா ராத்திரி அங்கயே தங்கிட்டு வாங்க, இல்லன்னா நல்லா நடமாடுற வரைக்கும் ஏத்தாதீங்க. அப்புறம் குளிர். மயக்க மருந்து உடம்பு சூட்ட இறக்கும், ஊதுற காத்தும் ஜில்லுன்னு இருக்கும், வந்து திண்ணையில சாக்கு போட்டுப் படுக்க வெச்சீங்கன்னா அது நடுங்கிக்கிட்டே கிடக்கும். பத்து நாளைக்கு வீட்டுக்குள்ள, ஈரமில்லாத கம்பளி மேல. தையல நக்காம இருக்க மாட்டுற கழுத்துக் கூம்பக் கழட்டாதீங்க, ஓட்டை சின்னதுதானேன்னு தேயிலைத் தோட்டத்துல ஓட விடாதீங்க. (சிறுத்தை சுத்துற ஊர், எப்பவுமே ராத்திரி வெளிய கட்டாதீங்க, அது வேற கதை.)

முதல் ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா உதட்டத் தூக்கி ஈறப் பாருங்க, ரோஸ் கலர்ல இருந்தா தூங்கலாம், வெளுத்திருந்தா விடியிறதுக்குக் காத்திருக்காம டாக்டருக்கு போன் அடிங்க.