லடாக் போங்கள், மச்சான் பங்கை உங்கள் கார்டில் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி சம்பளமும் சேர்த்து மாதம் 90,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,500, வீட்டுச் செலவு 38,000, பிள்ளைகள் இருவரின் படிப்புக்கு 8,000, சீட்டு 5,000. போன மே மாதம் காஷ்மீர் போக வாங்கிய 1.8 லட்சம் தனிநபர் கடனுக்கு 6,200 போகிறது, இன்னும் 26 தவணை பாக்கி. இந்த மே கடைசியில் எல்லோரும் லடாக் போகலாம் என்று மச்சான் சொல்கிறார். நாங்கள் நால்வர், மச்சான் வீட்டில் மூவர், மாமனார், மாமியார் என மொத்தம் 9 பேர். ஐந்து இரவு பேக்கேஜ் ஒருவருக்கு 24,000, கோவையிலிருந்து விமானம் போக வர 25,000. என் கார்டில் லிமிட் அதிகம் என்பதால் எப்போதும் முதலில் நான்தான் கட்டுவேன். காஷ்மீருக்காக மச்சான் தர வேண்டியதில் 45,000 இன்னும் வரவில்லை. மனைவி வீட்டார் என்பதால் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. தனிநபர் கடன், கார்டு இஎம்ஐ, ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று விளம்பரம் செய்யும் ஆப், இந்த மூன்றில் எது எனக்குச் சரி?

பதில்: மூன்றும் வேண்டாம். எந்தக் கடனில் வட்டி குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வட்டி விகிதம் இல்லை. “முதலில் நான் போட்டுவிடுகிறேன், அப்புறம் கொடுங்கள்” என்ற அந்தப் பழக்கம்தான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். ஒருவருக்கு 49,000 என்றால் 9 பேருக்கு 4.41 லட்சம். இதில் உங்கள் நால்வரின் செலவு 1.96 லட்சம்தான். மீதி 2.45 லட்சம் மற்றவர்களுடையது. அதாவது, நீங்கள் வாங்க நினைக்கும் கடனில் பாதிக்கு மேல் உங்கள் செலவே கிடையாது. நாலரை லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 15,400, மொத்த வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டும். நீங்கள் சொன்ன செலவெல்லாம் போக மாதம் மிஞ்சுவது 8,300. மாதாமாதம் விழும் 7,000 ரூபாய் துண்டை எங்கிருந்து எடுப்பீர்கள்? அதே கார்டிலிருந்துதான். மச்சான் தன் பங்கை முழுதாகத் திருப்பித் தந்தாலும், தரும் நாள் வரை ஓடும் வட்டி உங்கள் தலையில். போன தடவை அவர் அதையும் சேர்த்துத் தந்தாரா?

‘வட்டியில்லா இஎம்ஐ’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பேக்கேஜ் விற்பவர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் வங்கி வாங்கும் வட்டியளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டியிருப்பார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்களிடம்தான் வாங்குவார்கள். மொத்தமாகப் பணம் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். பயணத்துக்கென்று எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முதலீடு) போடச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒன்றரை வருடத்தில் எடுக்கப்போகும் பணத்துக்குப் பங்குச் சந்தை இடமில்லை.

லடாக்கையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே கார்டு லிமிட்டை நம்பிப் போவது ஆபத்து. விமானம் போய் இறங்கும் லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து விமானத்தில் போய் இறங்கினால் உடம்புக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஐந்து இரவில் லே, நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி மூன்றையும் அடைக்கும் பேக்கேஜ்களில் பல, இரண்டாம் நாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்க்கு ஏற்றிவிடுகின்றன. இரவு குறைந்தால் விலை குறையும் என்பதற்காகப் போட்ட திட்டம் அது. மூச்சுத் திணறி ஒருவர் படுத்துவிட்டால் உடனே கீழே இறக்க வேண்டும். அந்த நேரத்தில் தனி வண்டிக்கும் கடைசி நேர விமான டிக்கெட்டுக்கும் கையில் பணம் இருக்க வேண்டும். லேயைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐயும் கிடையாது. வேறு வழியில்லாமல் லே ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால், கட்டணம் போக, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் அது மாதம் மூன்றரை சதவீதம் வரை. வானிலை கெட்டால் லே விமானங்கள் ரத்தாவதும் சகஜம், அப்படி ஆனால் கூடுதலாக ஒரு நாள் அறை வாடகையும் சாப்பாடும்.

அதனால் நான் சொல்வது: இந்த மே வேண்டாம். அடுத்த வருடம் செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்து ஏழு இரவாகப் போங்கள். ராத்திரிக் குளிர் அதிகம், ஆனால் வானம் தெளிவாக இருக்கும், கோடை விடுமுறைக் கூட்டமும் இருக்காது. இந்த மார்ச்சிலிருந்து 18 மாதம் இருக்கிறது. மிஞ்சும் 8,300-ஐ அப்படியே வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போட்டால் கட்டியது 1.49 லட்சம், வட்டி ஏழாயிரம் சொச்சம். தீபாவளி போனஸில் ஒரு 50,000 சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். கூடுதல் இரண்டு இரவுக்கான செலவைப் பேக்கேஜை விட்டுவிட்டுச் சமாளியுங்கள். லேயில் டாக்சி யூனியன் நிர்ணயித்த வாடகை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஹோம்ஸ்டேயில் தங்கினால் அறைச் செலவும் குறையும். இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதில் லாபம் இருப்பது இந்த வண்டி வாடகையில்தான், அதனால் மச்சானோடு போவதை நான் தடுக்கவே இல்லை. போகும்போது காஷ்மீர் கடனிலும் எட்டுத் தவணைதான் மீதி இருக்கும். சீட்டுப் பணத்தில் 40,000 ரூபாயை ஒதுக்கி, ஒரு பகுதியை ரொக்கமாக எடுத்துப் போங்கள். அது அவசரத்துக்கு மட்டும், ஷாப்பிங்குக்கு இல்லை.

மச்சானிடம் எப்படிச் சொல்வது? சண்டையாக்க வேண்டாம். “என் கார்டில் இனி இடமில்லை மச்சான், பழைய கடனே ஓடுது. அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்களே போட்டுக்கலாம், வண்டி வாடகையை மட்டும் புறப்படுறதுக்கு முன்னாடியே பிரிச்சுக்கலாம்” என்று சொல்லுங்கள். சொன்னது பொய்யும் இல்லை. இதை உங்கள் மனைவி தன் அண்ணனிடமோ தம்பியிடமோ முதலில் பேசினால் இன்னும் நல்லது. 45,000-ஐயும் அப்போதே கேளுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 5,000 என்று ஒன்பது மாதம் தரட்டும். வருவதை அப்படியே காஷ்மீர் கடனில் கட்டுங்கள், கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் போடுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மாமனார், மாமியார் பங்கு 98,000. அதை யார் தருவது என்று நீங்கள் எழுதவே இல்லை. மாமனாரிடமே கேட்டுவிடுங்கள், மருமகன் காசில் போகக் கூடாது என்று நினைக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். அவரால் முடியாதென்றால் நீங்களும் மச்சானும் ஆளுக்குப் பாதி போடுங்கள், அதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஆனால் யாருடைய பணமாக இருந்தாலும், முன்பணம் கட்டும் முன் இருவரையும் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போய், இவ்வளவு உயரம், இத்தனை நாள் என்று சொல்லிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் எடுத்தால் உயரத்தால் வரும் நோய்க்கும் அங்கிருந்து கீழே கொண்டு வரும் செலவுக்கும் கவர் உண்டா என்று பாலிசித் தாளிலேயே பாருங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் அவர்கள் இருவருக்கும் வேறொரு சமயம் வேறு இடம் பார்க்கலாம்.